அந்நியர் அடுத்திருப்பவர் ஆவது எப்போது?

பெங்களூரு மாநகரின் வடகிழக்கே, ஃப்ரேசர் டவுனை அடுத்து அமைந்துள்ளது ரிச்சர்ட்ஸ் டவுன். மர நிழல் படர்ந்த சாலைகளும் பூங்காவும் பழைய ஓட்டு வீடுகள் சிலவும் கொண்ட அமைதியான பகுதி. இங்குள்ள டேவிஸ் சாலையில் ரிடம்ப்டரிஸ்ட் சபைத் துறவியர் நடத்தும் தூய ஆவி ஆலயம் இருக்கிறது.

இப்பகுதியின் வரலாறு ஆன்மிக சாதகரின் சிந்தனைக்கு உரியது. 1809இல் ஆங்கிலேயரின் படை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு இடம்பெயர்ந்து பாளையம் அமைத்தது. படையின் பின்னே தமிழகத்து ஊர்களிலிருந்து சிப்பாய்களும் வணிகர்களும் சமையற்காரர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வந்து குடியேறினர். கண்டோன்மென்ட் பகுதியில் தமிழ் வேரூன்றியது இவ்வாறுதான். ஏறத்தாழ எல்லோருமே ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள். முதல் நாளில் எல்லோருமே அந்நியர்கள்.

1898இல் இந்நகரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான தெருக்களில் மரணம் வீடு வீடாக நுழைந்தது. நெருக்கத்தைக் குறைப்பதற்காகப் புதிய குடியிருப்புகள் வகுக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரேசர் டவுன் அவ்வாறு எழுந்தது. அதை அடுத்து ரிச்சர்ட்ஸ் டவுன் வளர்ந்தது. அருகில் இருப்பவரே ஆபத்தானவர் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. அதே அச்சத்தை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் மீண்டும் நாடு முழுவதும் கண்டோம். பெருநகரங்களைக் கட்டியெழுப்பிய கூலித் தொழிலாளர்கள், குழந்தைகளைத் தோளில் சுமந்து, நெடுஞ்சாலைகளில் தத்தம் மாநிலங்களை நோக்கி நடந்தார்கள். கதவைத் திறந்து அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களும் உண்டு. கதவை அடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

கதவைத் திறப்பதா, அடைப்பதா? இந்தக் கேள்விக்கு இயேசுபிரான் அளித்த விடை லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் ஒரு கதையாக இருக்கிறது. சேவையைச் சாதனையாகக் கொண்டவர்கள் அக்கதையை ஊன்றிக் கற்பது பெரும் பயன் தரும்.

சாஸ்திரியின் கேள்வி

யூதர்களின் திருச்சட்டத்தில் வல்லவரான ஒருவர் இயேசுபிரானிடம் வந்து, நிலைவாழ்வைப் பெற வழி என்ன என்று கேட்டார். சட்டம் என்ன சொல்கிறது என்று இயேசுபிரான் அவரையே திருப்பிக் கேட்டார். இறைவனை முழு உள்ளத்தோடு நேசிப்பது, தன்னை நேசிப்பதுபோல் அடுத்திருப்பவரையும் நேசிப்பது என்ற இரு கட்டளைகளை அவர் பிழையின்றிச் சொன்னார். அதன்படி நடந்தால் போதும் என்று விடை கிடைத்தது. உரையாடல் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அவர் விடவில்லை. அடுத்திருப்பவர் என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று விளக்கம் கேட்டார்.

கேள்வி வெறும் அறிவு வேட்கையால் எழுந்ததன்று. தம்மை நேர்மையாளராகக் காட்டிக்கொள்ள விரும்பியே அவர் கேட்டார் என்று லூக்கா குறிப்பிடுகிறார். அவர் மேற்கோள் காட்டிய இரண்டாம் கட்டளை லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. இன்னும் சில வசனங்கள் தள்ளி, நாட்டில் வந்து தங்கும் அந்நியனையும் தன்னைப் போலவே நேசிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கட்டளை இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம், இஸ்ரவேலரும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்களே என்பது.

ஆக, சட்டம் அறிந்தவருக்கு விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் நாடியது எல்லையை. எதுவரை நேசித்தால் போதும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதே அவர் கேள்வியின் உட்பொருள். இக்கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருவருக்கு மட்டும் உரியதன்று. உதவி கேட்டு வருபவர் நம் ஊர்க்காரரா, நம் மொழியினரா, உண்மையில் ஏழைதானா, உதவிக்குத் தகுதியுடையவரா என்று மனம் கணக்கிடும்போதெல்லாம் இதே கேள்விதான் வேறு உடையில் எழுகிறது.

வழியில் கிடந்தவன்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழிறங்குவது. பாறைகளும் பள்ளங்களும் நிறைந்தது. கள்வர் பயம் மிக்கது. அவ்வழியே சென்ற ஒருவனைக் கள்வர்கள் அடித்து, உடையைப் பறித்து, குற்றுயிராக விட்டுச் சென்றனர். கோயிற்பணி செய்யும் குரு ஒருவர் வந்தார், கண்டார், மறுபுறமாக விலகிச் சென்றார். கோயிலைச் சார்ந்த லேவியர் ஒருவரும் அவ்வாறே சென்றார். மூன்றாவதாக வந்தவர் ஒரு சமாரியர்.

குருவும் லேவியரும் விலகியதற்குக் காரணம் கதையில் சொல்லப்படவில்லை. தீட்டுக்கு அஞ்சினரா, கள்வருக்கு அஞ்சினரா, அவசரமா, தெரியாது. காரணம் சொல்லப்படாத அந்த இடத்தில் ஒவ்வொரு வாசகரும் தமக்குப் பழக்கமான சாக்கை வைத்துப் பார்க்கலாம்.

சமாரியர் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கால யூதர் முகம் சுளித்திருப்பர். வழிபாட்டிற்கு உரிய மலை எருசலேமா, கெரிசிம் மலையா என்பதில் இரு சமூகத்தாருக்கும் நெடுங்காலப் பகை. கிறிஸ்துவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் யூத ஆட்சியாளர் ஒருவர் கெரிசிம் மலைக் கோயிலை இடித்தும் இருந்தார். அத்தகைய பகைக் குலத்தவர்தாம் வழியில் கிடந்தவனைக் கண்டு மனம் உருகினார். அவ்விடத்தில் மூல நூலின் கிரேக்கச் சொல் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் பெயரிலிருந்து பிறந்தது. தமிழில் அடிவயிறு பதறியது என்று சொல்வோமே, அதற்கு மிக நெருங்கிய சொல் அது. இரக்கம் முதலில் சிந்தனையில் தோன்றவில்லை, உடலில் தோன்றியது.

அதன் பின் அவர் செய்தவற்றை லூக்கா வரிசையாகச் சொல்கிறார். அருகே சென்றார். எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். தம் வாகன மிருகத்தில் அவனை ஏற்றினார், சத்திரத்தில் சேர்த்தார், இரவெல்லாம் கவனித்தார். மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். ஒரு தெனாரியம் அன்றைய கூலியாளின் ஒரு நாள் ஊதியம். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் சென்றார். நாடகத்தனமான தியாகம் எதுவும் இங்கே இல்லை. தம் பயணத்தையும் அவர் கைவிடவில்லை. தேவையானதைத் தேவையான அளவு செய்தார், முடியும்வரை பொறுப்பேற்றார்.

மாற்றப்பட்ட கேள்வி

கதை முடிந்ததும் இயேசுபிரான் கேட்ட கேள்வியில்தான் போதனையின் உயிர்நாடி இருக்கிறது. சாஸ்திரி கேட்டது: என் அன்புக்கு உரியவர் யார்? இயேசுபிரான் திருப்பிக் கேட்டது: கள்வர் கையில் அகப்பட்டவனுக்கு, இம்மூவரில் அடுத்திருப்பவராக ஆனவர் யார்?

முதல் கேள்வியில் சாஸ்திரி நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றி ஒரு வட்டம் வரையப்படுகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று அவர் தீர்மானிக்கிறார். இரண்டாம் கேள்வியில் நடுவில் கிடப்பவன் அடிபட்டவன். சாஸ்திரி உட்பட மற்ற எல்லோரும் அவனிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார்கள் என்பதே அளவுகோல். அடுத்திருத்தல் என்பது பிறப்பாலோ குலத்தாலோ அமைந்த உறவாக இங்கே இல்லை. கால் நகர்ந்து அருகே செல்லும்போது அது உண்டாகிறது. சாஸ்திரிக்கு விடை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆயினும் சமாரியர் என்ற பெயரை அவர் உச்சரிக்கவில்லை; இரக்கம் காட்டியவர் என்று மட்டுமே சொன்னார்.

தமிழ் விவிலியங்களை ஒப்பிட்டுப் படிப்பவர்களுக்கு இங்கே ஓர் அரிய வெளிச்சம் கிடைக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் இவ்விடத்தில் வரும் சொல் ‘பிறன்’. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘அடுத்திருப்பவர்’. ஒன்று வேற்றாளைச் சுட்டுகிறது; மற்றொன்று அருகில் உள்ளவரைச் சுட்டுகிறது. கிரேக்க மூலச் சொல்லின் பொருள் ‘அருகில் உள்ளவர்’ என்பதே. ஆயினும் இரு தமிழ்ச் சொற்களையும் சேர்த்து வைத்தால் கதையின் முழுப் பயணமும் தெரிகிறது. பிறனாகத் தொடங்கியவன் அடுத்திருப்பவனாக முடிகிறான். இடையில் நிகழ்ந்தது ஒன்றே: ஒருவர் அருகே சென்றார்.

தமிழ் மரபிலும் இக்கருத்துக்கு ஆழமான வேர் உண்டு. ‘விருந்து’ என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. வீட்டிற்குப் புதிதாக வந்தவரே விருந்து. உறவினரை உபசரிப்பது சுற்றம் தழுவல். முன்பின் அறியாதவரை ஏற்பதே விருந்தோம்பல். வள்ளுவர் இதற்கென்று தனி அதிகாரமே வகுத்தார். நாள் குறித்து வராதவர் என்று பொருள் சொல்லப்படும் அதிதியைத் தெய்வமாகக் கருதும்படி தைத்திரீய உபநிஷதம் மாணவனுக்குக் கட்டளையிடுகிறது.

அருகே சென்றவர்கள்

ரிச்சர்ட்ஸ் டவுன் ஆலயத்தின் துறவியர் சார்ந்த ரிடம்ப்டரிஸ்ட் சபையை நிறுவியவர் புனித அல்போன்ஸ் லிகோரி. அவரும் சட்டம் கற்றவரே என்பது சிந்திக்கத்தக்க பொருத்தம். 1696இல் நேப்பிள்ஸ் அருகே உயர்குடியில் பிறந்த அவர், இளமையிலேயே புகழ்பெற்ற வழக்கறிஞர் ஆனார். 1723இல் ஒரு பெரிய வழக்கில் தோற்றபின் நீதிமன்றத்தைத் துறந்து குருவானார். 1730இல் உடல்நலம் கருதி அமால்ஃபிக்கு மேலேயுள்ள ஸ்காலா மலைக்கு ஓய்வெடுக்கச் சென்றபோது, ஆடு மேய்க்கும் ஏழை மக்களைக் கண்டார். நகரில் ஆலயங்களும் குருமார்களும் நிறைந்திருக்க, இவர்களை நாடி வருவார் எவருமில்லை. 1732இல் அதே ஸ்காலாவில், கைவிடப்பட்டவர்களுக்காக அவர் தம் சபையைத் தொடங்கினார். அவர்கள் நகருக்கு வரட்டும் என்று காத்திராமல், தாம் மலைக்குச் சென்றார்.

பெங்களூரில் ஓசூர் சாலையில் மற்றொரு சான்று இருக்கிறது. ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் துறவியர் 1900ஆம் ஆண்டு முதல் அங்கே ஆதரவற்ற முதியோரைச் சமய வேறுபாடின்றிப் பேணி வருகின்றனர். அச்சபையின் தொடக்கம் ஒரு கட்டிலில் நிகழ்ந்தது. 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்ஸ் நாட்டின் செயின்ட் செர்வான் என்னும் ஊரில், வீட்டு வேலை செய்து பிழைத்த ழான் ஜுகான் என்ற பெண்மணி, பார்வை இழந்து பக்கவாதத்தால் தளர்ந்த மூதாட்டி ஒருவரைத் தம் குடியிருப்புக்குத் தூக்கி வந்து, தம் கட்டிலிலேயே படுக்க வைத்தார். தாம் மேல்மாடத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 47. பின்னர் மேலும் பல முதியோர் வந்தனர். அவர்களுக்காகக் கூடையைக் கையில் எடுத்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார்.

இதன் பின் நடந்தது துறவு நெறியில் நிற்பவர்களை நெகிழச் செய்வது. 1843இல் சபைத் தலைமைப் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. 1852இல் தலைமை இல்லத்திற்கு அழைக்கப்பட்டு, பிச்சைக்குச் செல்வதும் நிறுத்தப்பட்டது. தொடர்ந்து 27 ஆண்டுகள் இளம் துறவியர் நடுவே பெயரற்றவராக வாழ்ந்தார். சபையை நிறுவியவர் இவரே என்பதை அவர்களில் பலர் அறியார். 1879இல் அவர் மறைந்தபோது சபையில் 2,400 சகோதரிகள் இருந்தனர். 2009இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. பலனில் பற்றின்றிக் கர்மம் செய்தல் என்று கீதை கூறுவதற்கு ழான் ஜுகானின் பிற்கால மௌனமே ஒரு விரிவுரை.

அறிந்து செய்தலும் அறியாமல் செய்தலும்

வேதாந்தம் பயில்பவருக்கு இங்கே ஒரு நுண்ணிய ஐயம் எழக்கூடும். அதைத் தவிர்க்காமல் எதிர்கொள்வது நல்லது.

1884இல் தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர், உயிர்களிடம் காட்ட வேண்டியது தயையன்று, சிவமாக அறிந்து செய்யும் சேவையே என்று அருளினார். அதைக் கேட்ட நரேந்திரர் பிற்காலத்தில் அவ்வாக்கின் மீதே சேவை இயக்கத்தை எழுப்பினார். ஜெர்மானிய அறிஞர் பால் டாய்சன் 1893இல் பம்பாயில் ஆற்றிய உரையில், அடுத்திருப்பவரை ஏன் தன்னைப்போல் நேசிக்க வேண்டும் என்பதற்கான காரணத்தை உபநிஷதங்களின் ஆன்ம ஒருமைப்பாடே தருகிறது என்று எடுத்துக்காட்டினார். ஆகவே நமது நெறியில் அறிவு முன்னே நிற்கிறது.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்ப்புக் காட்சியோ வேறுவிதமானது. பசித்தவருக்கு உணவும், அந்நியருக்கு இடமும், ஆடையற்றவருக்கு ஆடையும் அளித்தவர்களை நோக்கி, அவை அனைத்தும் தமக்கே செய்யப்பட்டவை என்கிறார் அரசர். அவர்கள் வியப்படைகின்றனர். எப்போது உம்மைக் கண்டோம் என்று கேட்கின்றனர். இறைவனுக்குச் செய்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருக்கவே இல்லை! பசியைக் கண்டார்கள், உணவளித்தார்கள்.

இவ்விரண்டும் முரண்பட்டவையா? ஓர் அபாயத்தை உணர்ந்தால் விடை தெளிவாகும். எதிரில் இருப்பவரை நாராயணராகப் பார்க்கிறேன் என்ற எண்ணம் பக்குவமடையாத மனதில் வேறொன்றாகத் திரிந்துவிடலாம். தத்துவம் கண்ணில் நிற்க, ஆள் மறைந்துவிடுவார். அவருடைய பெயர் என்ன, காயம் எங்கே, உண்மையில் வேண்டுவது என்ன என்பவை கேட்கப்படாமலே போகும். அப்போது ஏழை என்பவர் சேவை செய்பவரின் புண்ணியத்திற்கு ஒரு கருவியாகிவிடுவார். தீர்ப்புக் காட்சியில் நல்லோர் காட்டிய வியப்பு இந்த அபாயத்திற்கு மருந்து.

இரண்டையும் ஒன்றாக இணைத்துக் காட்டியவர் ஸ்ரீராமகிருஷ்ணரே. 1868இல் மதுரநாதருடன் காசி யாத்திரை சென்றபோது, தேவகரில் பசியால் வாடிய ஏழை மக்களை அவர் கண்டார். அவர்களுக்குத் தலைக்கு எண்ணெயும், ஆளுக்கொரு துணியும், ஒரு வேளை வயிறார உணவும் தரச் சொன்னார். செலவு மிகும் என்று மதுரர் தயங்கினார். பகவான் அம்மக்களுடனேயே போய் அமர்ந்துவிட்டார். அவர்களை விட்டுக் காசிக்கு வருவதாக இல்லை. மதுரர் பணிந்தார், கல்கத்தாவிலிருந்து துணிகள் வந்து சேர்ந்தன. எங்கும் இறைவனைக் கண்ட அம்மகான், அந்த மக்களின் வறண்ட தலையையும் கண்டார். சமாரியரின் எண்ணெயும் தேவகரின் எண்ணெயும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: மெய்யான தரிசனம் எதிரில் இருப்பவரின் உருவத்தை அழிப்பதில்லை, மேலும் கூர்மையாகக் காட்டுகிறது.

வீழ்ந்து கிடந்த துறவி

கதையை மற்றொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். உதவி செய்பவராகவே எப்போதும் தம்மைக் கற்பனை செய்துகொள்வது சேவகரின் பலவீனம். 1890இல் இமயத்தில் அல்மோராவை நோக்கி நடந்த சுவாமி விவேகானந்தர் பசியால் மயங்கி வழியில் வீழ்ந்தார். அங்கிருந்த இடுகாட்டின் காவலரான முஸ்லிம் ஃபக்கீர் ஒருவர் ஒரு வெள்ளரிக்காயைக் கொடுத்து அவரைக் காத்தார். 1897இல் உலகப் புகழுடன் அல்மோராவுக்குத் திரும்பிய சுவாமிஜி, கூட்டத்தினிடையே அந்த முதியவரை அடையாளம் கண்டு, தம் உயிரைக் காத்தவர் என்று போற்றினார். எந்தக் குலம், எந்தச் சமயம் என்று சாலையில் வீழ்ந்தவர் கேட்பதில்லை. தாம் அந்நியராக இருந்த நாளை மறவாதிருப்பதே அந்நியரை ஏற்கும் வலிமையைத் தருகிறது. லேவியராகமம் எகிப்தை நினைவூட்டியதும் இதற்காகவே.

சாதகருக்கு

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துத் துறவியருக்கு வகுத்த ஒழுங்கின் 53ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருபவர் எல்லோரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று கூறும் அவர், ஏழைகளிடமும் யாத்திரிகரிடமும் தனிக் கவனம் வேண்டும் என்கிறார். செல்வருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். ஆசிரமங்களும் கோயில்களும் பக்தர்களின் இல்லங்களும் தம்மைச் சோதித்துக்கொள்ள இது ஒன்றே போதும். வாகனத்தில் வந்து இறங்குபவருக்கு எழும் புன்னகை, நடந்து வந்தவருக்கும் எழுகிறதா?

கண்டோன்மென்ட்டில் இன்று வசதியாக வாழும் எத்தனையோ குடும்பங்களின் முன்னோர் ஒரு காலத்தில் மூட்டையுடன் வந்து இறங்கியவர்கள். இன்று அதே நகரில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் கட்டடம் எழுப்புகிறார்கள்; வாயிற்காவல் புரிகிறார்கள். அவர்கள் தெருவில் இருக்கிறார்கள். ஆனால் அடுத்திருப்பவர் ஆகிவிட்டார்களா?

பெரிய திட்டம் எதுவும் உடனே தேவையில்லை. தினமும் காணும் அந்நியர் ஒருவரின் பெயரை இந்த வாரம் கேட்டறியலாம். அவருக்கு வேண்டுவது என்ன என்பதை நாமே ஊகிக்காமல் அவரிடமே கேட்கலாம். இயன்றதைச் செய்தபின், சமாரியர் சத்திரக்காரரிடம் சொன்னதுபோல், திரும்பி வந்து பார்க்கலாம். ஒருமுறை கொடுத்துவிட்டு மறப்பது எளிது. திரும்பி வருவதில்தான் உறவு பிறக்கிறது.

சாஸ்திரியிடம் இயேசுபிரான் இறுதியாகச் சொன்னது, சென்று அவ்வாறே செய்யும்படி. முதலில் செல்ல வேண்டும். நின்ற இடத்திலிருந்து கால் நகர வேண்டும். விலகிச் சென்றவர்களுக்கும் அருகே வந்தவருக்கும் இடையே இருந்த தொலைவு ஒரு சாலையின் அகலமே. அதைக் கடக்கும் அருளை எல்லாம் வல்ல இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் வழங்குவாராக!